1987-இல் டூரிங் கார்களுக்கு உலக சாம்பியன்ஷிப் நடந்ததாமே, அது ஏன் ஒரே வருடத்தில் நின்றுபோனது?

ஆமாம், நடந்தது. மோன்சாவில் தொடங்கி ஜப்பானின் ஃபுஜியில் முடிந்த 11 பந்தயங்கள், ஒரே ஒரு சீசன். பணப் பிரச்சினை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வருடக் கூத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் பின்கதை. டூரிங் கார் என்றால் ஷோரூமில் நீங்களும் நானும் வாங்கக்கூடிய கார், பந்தயத்துக்குத் தயார் செய்தது. நாடு விட்டு நாடு போய் ஓடும் தொடராக இது 1963-இல் ஐரோப்பாவில் ஆரம்பித்தது. முதல் சாம்பியன் ஜெர்மனியின் பீட்டர் நோக்கர், கார் ஜாகுவார் மார்க் 2. மறு வருடமே வார்விக் பேங்க்ஸ் ஒரு குட்டி மினி கூப்பரில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். எஞ்சின் அளவுவாரியாகப் பிரித்துப் புள்ளி கொடுத்ததால் ஆயிரம் சிசி-கூட இல்லாத காருக்கும் அது சாத்தியமானது. என்னைக் கேட்டால் அந்தக் காலம்தான் அழகு.

1980-களில் வந்த 'குரூப் ஏ' விதிப்படி, ஒரு மாடலைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் 12 மாதத்தில் 5,000 கார்கள் செய்திருக்க வேண்டும். அதை மேம்படுத்திய ரகம் வேண்டுமா, இன்னும் 500. பிஎம்டபிள்யூ எம்3-ம் ஃபோர்டு சியராவின் காஸ்வொர்த் ரகமும் பிறந்ததே இந்தக் கணக்குக்காகத்தான். ரேஸ் ஓடுவதற்காக ரோட்டுக் கார் செய்தார்கள்! விற்ற காருக்கும் ஓடும் காருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதில்தான் சண்டையெல்லாம்.

1987 மார்ச், மோன்சா, முதல் பந்தயம். முதல் ஆறு இடமும் எம்3. சோதனையில் பார்த்தால், பதிவு செய்த காரில் இருப்பதைவிட பாடித் தகடுகள் மெல்லியவை. ஆறு கார்களும் தகுதி நீக்கம். ஏழாவதாக வந்த ஹோல்டன் கொமடோருக்கு வெற்றி போனது. ஓட்டியவர்கள் ஆலன் மொஃபாட், ஜான் ஹார்வி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொஃபாட் ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு ரசிகர்களின் ஆதர்சம். ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான பாதர்ஸ்ட்டை நான்கு முறை ஜெயித்ததும் ஃபோர்டில்தான். உலக சாம்பியன்ஷிப்பின் முதல் வெற்றி அவருக்குப் பரம வைரியான ஹோல்டனில் கிடைத்தது.

அப்புறம் அக்டோபரில் பாதர்ஸ்ட். எகன்பெர்கர் அணியின் இரண்டு சியராக்கள் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு முதலிரண்டு இடத்தில் வந்தன. ஹோல்டன் ஓட்டிய ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் பிராக்கின் கார் ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது. தன் அணியின் இரண்டாவது காரில் மாறி உட்கார்ந்து, மழையில் வழுக்கிக்கொண்டே ஓட்டி மூன்றாவதாக வந்தார். சியராக்களின் முன் மட்கார்டில் கை வைத்திருக்கிறார்கள், பெரிய டயர் உள்ளே போகிறது என்று புகார். மேல்முறையீடெல்லாம் முடிந்து, மாதங்கள் கழித்து சியராக்கள் நீக்கப்பட்டன, கோப்பை பிராக்குக்கு. அங்கே அவருக்கு அது ஒன்பதாவது வெற்றி. கடைசியில் ஓட்டுநர் பட்டம் எம்3 ஓட்டிய ரொபெர்டோ ரவாலியாவுக்கு, சியரா ஓட்டிய லுட்விக், நீட்ஸ்வீட்ஸ் ஜோடியைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். டிங்கரிங் வேலை பட்டத்தையே மாற்றிவிட்டது.

சரி, பணம். சாம்பியன்ஷிப் புள்ளி வேண்டுமானால் ஒரு காருக்கு 60,000 அமெரிக்க டாலர் பதிவுக் கட்டணம். கட்டாதவரும் ஓடலாம், ஜெயிக்கக்கூட செய்யலாம். புள்ளி மட்டும் கிடையாது. உள்ளூர் அணிகள் பல கட்டவில்லை. ஆக, கார்கள் ஒரு கணக்கில் ஓடின, புள்ளிகள் இன்னொரு கணக்கில். பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். அதோடு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் வரை கார்களைக் கொண்டுபோகும் செலவு வேறு. சீசன் முடிந்ததும், உலக மோட்டார் பந்தயங்களைக் கட்டுப்படுத்திய அமைப்பான ஃபிசா கையைக் கழுவியது. ஐரோப்பியத் தொடரும் 1988-உடன் முடிந்தது. உலகப் பட்டம் மறுபடி வந்தது 2005-இல்.

நான் சிட்னியில் இருக்கிறேன். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாதர்ஸ்ட் டிராக், பந்தயம் இல்லாத நாளில் சாதாரண ரோடு. வேகம் 60-ஐத் தாண்டக் கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரைக் கூட்டிப்போனேன். "ரேஸ் ரோடுன்னு சொன்னீங்க, வீடெல்லாம் இருக்கே மாப்பிள்ளை?" என்றார். இருக்கிறது, கான்கிரீட் தடுப்புக்கு நடுவே கேட், கேட்டுக்குப் பக்கத்தில் தபால் பெட்டி. மலைமேல் ஏறி 'ஸ்கைலைன்' என்ற இடத்தைத் தாண்டியதும் ரோடு கண்ணிலிருந்து மறைந்து சரேலென்று கீழே இறங்கும். மாமா கைப்பிடியைப் பிடித்தவர் அடிவாரம் வரை விடவில்லை.

கீழே நீண்ட நேர்சாலையின் கடைசியில் 'சேஸ்' என்ற வளைவு வரும். 1987 சாம்பியன்ஷிப்புக்காகவே சேர்த்தது. முந்தைய வருடம் அந்த நேர்சாலையில் மைக் பர்க்மன் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்திருந்தார். இதைச் சொன்னதும் மாமா, "அப்ப இங்கயாவது மெதுவா போங்க" என்றார். நான் 50-இல்தான் போய்க்கொண்டிருந்தேன்.