எல் நினோ வந்தால் ஐப்பசி மழை பொய்க்குமா?

கேள்வி: எல் நினோ வந்தால் மழை குறையும் என்று டிவியில் சொல்கிறார்கள். 2015-லும் எல் நினோதான், சென்னையே மூழ்கியது. எதை நம்பி சம்பாவுக்கு விதை வாங்குவது?
– மன்னார்குடி வாசகர்

பதில்: டிவியில் சொல்வது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையின் கணக்கு வேறு, பல வருஷங்களில் நேர் தலைகீழ்.

பசிபிக் நடுவே, நிலநடுக்கோட்டை ஒட்டி, கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் சூடாகி மாதக்கணக்கில் அப்படியே நின்றால் அது எல் நினோ. அரை டிகிரி நம் கைக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு பெரிய பரப்பு சூடேறும்போது, இந்தோனேசியாப் பக்கம் மேலெழுந்து மேகமாகிற காற்று கிழக்கே பசிபிக் நடுவுக்கு நகர்ந்துவிடுகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் காற்று கீழே அமுங்கி அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து வங்கக் கடலைத் தாண்டி வரும் கீழைக்காற்று, அதாவது கொண்டல், வலுத்து ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் மோதுகிறது. 2015-ல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியும் சூடாக இருந்தது, அதுவும் நம் மழைக்குச் சாதகம். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ.!

அடுத்த வருஷமே பசிபிக் குளிர்ந்து, எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா பக்கம் சாய்ந்தது; இந்தியப் பெருங்கடலிலும் தலைகீழாக, கிழக்கே சுமத்ராவை ஒட்டிய கடல் சூடானது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. டெல்டா பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

சரி, அப்படியானால் லா நினா என்றாலே வறட்சியா? இல்லை. 2021-ல் லா நினா இருந்தும் மழை கொட்டித் தீர்த்தது. கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுவதால்தான் சில மாதங்களுக்கு முன்பே ஏதாவது சொல்ல முடிகிறது, அதுவும் மழை எந்தப் பக்கம் சாயும் என்கிற வாய்ப்பை மட்டும்தான். ஒரு தாழ்வு மண்டலம் நாகப்பட்டினத்துக்கு வருமா, ஆந்திரா பக்கம் திரும்பிவிடுமா என்பது சில நாட்களுக்கு முன்புதான் தெரியும்.

அதனால் பங்குனி, சித்திரையில் வரும் எல் நினோ செய்தியை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்த மாதங்களின் கணிப்பு அடிக்கடி மாறும். ஆவணிக்குள் பசிபிக்கின் போக்கு ஓரளவு தெளிவாகிவிடும். நீண்ட கால ரகமா, மத்திய கால ரகமா என்று யோசிக்கும்போது அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் விதைப்பது என்பதற்கு ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள்.