வாளியில் வரும் பொங்கல் நைவேத்தியம் ஆகுமா?

கேள்வி: என் பேரனுக்கு வருகிற மாதம் ஆறு மாதம் நிறைகிறது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு உபயம் எடுத்து, சோறு தீத்தலையும் அங்கேயே வைக்க விரும்புகிறோம். 150 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்க எண்ணம். கோவிலடியில் பழக்கமான ஒருவர் பொங்கல், பஞ்சாமிர்தம், மாலை, தட்சணை எல்லாவற்றையும் ஒரே பெக்கேஜாகத் தான் பார்ப்பதாகச் சொல்கிறார். கொட்டாஞ்சேனையில் தன் சமையற்கூடத்தில் விடியப்புறம் சமைத்துக் கொண்டுவருவாராம். 10 கிலோ அரிசிக்குக் கணக்கும் தந்துவிட்டார். மருமகளுக்குத்தான் மனமில்லை. போன வருடம் ஒரு வீட்டு விசேஷத்தில் இப்படி வந்த சாப்பாட்டால் பலருக்கு வாந்தி. வெளியில் சமைத்ததைச் சுவாமிக்குப் படைக்கலாமா? - ஓர் அப்பம்மா, கொழும்பு 6

பதில்: மருமகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு கோவிலில் உபயக் கணக்கையும் மடைப்பள்ளியையும் சில காலம் பார்த்தேன். ஆகவே எனக்குக் கிருமியையும் தெரியும், கோவிலடித் தரகரையும் தெரியும்.

நைவேத்தியம் வேறு, சனத்துக்குப் பகிரும் அண்டா வேறு. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாக நினைப்பதில்தான் அந்த மனிதரின் பிழைப்பே இருக்கிறது. நைவேத்தியம் கோவில் மடைப்பள்ளியில் வேக வேண்டும். மடைப்பள்ளியைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைப்பதே அதற்காகத்தான். குளித்து ஆசாரத்தோடு நிற்பவர் பச்சையரிசியில் சமைப்பார். இனிப்புப் போதுமா என்று நுனிநாக்கில் வைத்தும் பார்க்க மாட்டார். மூடிக் கொண்டுபோய் வைத்ததும் குருக்கள் தீர்த்தம் தெளித்து, தேனு முத்திரை காட்டி, திரை போட்டு நிவேதிப்பார். அதற்கு ஒரு சின்னப் பாத்திரம் போதும். 150 பேருக்கான அண்டாவைச் சுவாமிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிவேதித்ததில் ஒரு பங்கை எடுத்து வெளியிலுள்ள பொங்கலோடு சேர்த்தால் எல்லாம் பிரசாதம்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வாளியில் வருவது உள்ளே போகக் கூடாது. அதை உள்ளே எடுக்கிற இடங்களும் உண்டு. எவை என்று எழுதினால் எனக்குத்தான் சண்டை. யார் சமைத்தது, யார் ருசி பார்த்தது என்று உங்களுக்கும் தெரியாது, குருக்களுக்கும் தெரியாது. வெள்ளி விடியப்புறம் உங்கள் பொங்கல் வேகும் அண்டாவில் வியாழன் இரவு எந்தக் கலியாணவீட்டுப் புரியாணி வெந்ததோ! வெளியில் சமைத்ததை மண்டபத்தில் அன்னதானமாகப் பரிமாறுவதென்றால் அது வேறு விஷயம். கோவில் நிர்வாகம் சம்மதித்தால் சரி. ஆனால் அதற்கும் என்னிடம் ஆட்சேபணை இருக்கிறது.

நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். அதிகாலை 3 மணிக்குச் சமைத்து, 4 மணிக்குப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி இறுக்குவார். பாடசாலை நேரத்துக் காலி வீதியில் நசுங்கி 7 மணிக்கு வந்து சேரும். பூசை முடிந்து உங்கள் விருந்தினர் கைக்கு வரும்போது 9 மணி. ஐந்து மணி நேரம்! அடுப்பில் வேகும்போது சாகாத ஒரு வகைக் கிருமி வித்து அரிசியில் இருக்கிறது. சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கி இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஐந்து, ஆறு மணிக்குள் வாந்தி வரும். போன வருடம் அந்த வீட்டு விசேஷத்தில் நடந்ததும் இதுவாக இருக்கலாம். நாளைக்குத்தான் புளிக்கும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அதோடு பொங்கலில் தேங்காய்ப்பால் வேறு. இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியவேண்டும். கொழும்பு வெக்கைக்கு இதில் சலுகை கிடையாது.

இனி உங்கள் தரகருக்கு வருவோம். நான் காத்திருந்ததே இதற்குத்தான். 150 பேருக்கு 10 கிலோ அரிசி என்றாரா? ஒரு கிலோ அரிசியோடு கால் கிலோ வறுத்த பயறு, ஒன்றேகால் கிலோ சர்க்கரை, தண்ணீரும் தேங்காய்ப்பாலுமாக நாலு லீற்றர் போனால், இறக்கும்போது ஐந்து கிலோவுக்கு மேல் பொங்கல் நிற்கும். ஒரு தொன்னைக்கு 100 கிராம் வைத்தால் 50 பேருக்குக் காணும். 3 கிலோ அரிசி போதும். மனம் கேட்காவிட்டால் 4 கிலோ போடுங்கள். இவர் பத்துக்குக் காசு வாங்கி நாலைச் சமைப்பார். அல்லது உண்மையாகவே பத்தைச் சமைத்து மூன்று உபயகாரருக்குப் பிரித்து விற்பார். நான் இருந்த கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று குடும்பங்கள் தத்தம் பொங்கல் என்று நினைத்துக்கொண்டு ஒரே வாளியைச் சுற்றி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று குடும்பமும் முழுக்காசு கொடுத்திருந்தது. வாளி மூடியில் முந்திய உபயகாரரின் பெயர் எழுதிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

நெய்யையும் கேளுங்கள். கடையில் 'விளக்கெரிக்க மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்ட போத்தல் ஒன்று மலிவாக விற்கிறது. அது சாப்பிடுகிற நெய்யே இல்லை. அது பொங்கலுக்குள் போவதைத் தடுக்க நான் மடைப்பள்ளி வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கிறேன். பச்சையரிசிக்குப் பதில் புழுங்கல், கஜுவுக்குப் பதில் கச்சான், சர்க்கரை குறைந்தால் நிறத்துக்கு ஒரு பொடி. நோட்டீஸில் வாழையிலைப் படம் இருக்கும், கையில் வருவதோ ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி. ரெஜிபோமையும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டையும் 2017இலேயே தடைசெய்தாயிற்று. தடை என்பது நம் நாட்டில் ஓர் ஆலோசனை, அவ்வளவுதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கோவில் காரியாலயத்துக்கு நீங்களே நேரில் போங்கள். தொலைபேசியை நம்ப வேண்டாம். எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் 'செயலாளர் வந்தாப் பிறகு' என்பார்கள். உபயத்துக்கு என்ன கட்டணம், அதில் நைவேத்தியம் எத்தனை கிலோ அரிசி, பகிர்வதற்கான பொங்கலும் மடைப்பள்ளியிலேயே ஆகுமா என்று மூன்று கேள்வி கேட்டு, காசைக் கட்டிக் கோவில் பெயர் போட்ட ரசீதை வாங்குங்கள். கோவில் முத்திரை இல்லாத துண்டு ரசீது ஆகாது. ரசீது கேட்டால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சர்க்கரை, நெய், கஜு, பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சையை நீங்களே வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வாங்கி முதல் நாள் பின்னேரம் ஒப்படைக்கலாமா என்றும் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பூசைக்கு ஒரு மணி நேரம் முந்தி அடுப்பில் ஏறினால் போதும் என்று சமையற்காரரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

இல்லை, வெளிச் சமையல்தான் என்று வீட்டில் யாரும் அடம்பிடித்தால், அந்தச் சமையற்கூடம் பதிவுசெய்ததா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வைத்திருக்கிற நாடு இது. ஆனால் ஒரு பணிமனையில் நான் ஓய்வுபெற்ற பிறகு சாதாரண ஆளாகப் போய் ஒரு படிவம் கேட்டேன். சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழில் வரும், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியபோது நான் இளந்தாரி. அந்த நாளை இன்னும் வரவில்லை.

வெளியிலிருந்து கொண்டுபோக ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்கலாம்: பஞ்சாமிர்தம். அது அடுப்பில் ஏறாதது, பல கோவில்களில் உபயகாரர் கொடுக்கும் பழத்தையும் தேனையும் கொண்டு அங்கேயே பிசைவார்கள். தண்ணீர் சேராததால்தான் அது நின்று பிடிக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் என்று போகிறதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் போவதில்லை. நம்மவர்களோ அழகுக்கு அப்பிள், திராட்சை, மாதுளை எல்லாம் வெட்டிப்போடுகிறார்கள். நீர் கசிந்து பின்னேரத்துக்குள் நுரைக்கிறது, பிறகு பஞ்சாமிர்தத்தில் குற்றம். நன்றாகப் பழுத்த கதலி, ஈரமில்லாத கரண்டி, ஈரமில்லாத பாத்திரம். இது போதும்.

ஆனால் நில்லுங்கள். அந்தப் பஞ்சாமிர்தத்தில் ஒரு விரல்கூட உங்கள் பேரனின் வாய்க்குப் போகக் கூடாது. நீங்கள் இதைக் கேட்கவேயில்லை, ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். நமது குடல் அதை வளரவிடாது. ஆறு மாதக் குடலுக்கு அந்த வலு இல்லை. அங்கே முளைத்தால் பிள்ளை சோர்ந்து, தலை நிற்காமல், பால் குடிக்க முடியாமல் போகும், மூச்சும் தடைப்படலாம். இது அடிக்கடி வருவதல்ல, வந்தால் ஆஸ்பத்திரிதான். சுத்தமான மலைத்தேன் என்றாலும் இதே கதை. காய்ச்சினாலும் வித்து சாகாது. 'நாங்கள் எல்லாம் பிறந்த அன்றே தேன் தொட்டு வைத்தவர்கள்தானே' என்று பெரியவர்கள் சொல்வார்கள்; நானும் அப்படி வளர்ந்தவன்தான். வாங்காத அடிக்கு வடு இல்லை, அவ்வளவுதான். சுவாமிக்கு அபிஷேகமான பஞ்சாமிர்தம், துளிதானே என்று குருக்களே நீட்டினாலும், கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள், அம்மா. பிள்ளைக்கு நைவேத்தியப் பொங்கலில் கஜுவும் பிளம்ஸும் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு பருக்கை எடுத்து, நன்றாக மசித்துத் தீத்துங்கள். மற்றச் சந்தேகங்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார்.

மிஞ்சிய பொங்கலை வீட்டுக்கு எடுத்தால் சட்டியோடு மூடிவைக்காமல் அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அடுத்த நாள் மதியத்துக்கு முன் முடியுங்கள். பிரசாதத்தைக் கொட்டுவது பாவம் என்று மூன்றாம் நாள் அதைச் சூடாக்கி வேலைக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். உங்கள் வீடு அப்படியிருக்காது. தேன் போத்தலைப் பேரனின் முதலாவது பிறந்தநாள்வரை அலுமாரி மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள்.