ஆகக் குறைந்த விலைமனுவை எடுக்கலாமா?

வணக்கம்.

வெள்ளவத்தையில் எங்கள் நலன்புரிச் சங்கம், தனியே இருக்கும் முதியவர்களின் வீட்டுக்குப் பராமரிப்பாளரை அனுப்பப் போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவார்கள். வந்த விலைமனுக்களில் ஆகக் குறைந்தது 15 நிமிட வருகைக்கானது. இங்கிலாந்தின் உள்ளூராட்சிக் கவுன்சில்களும் இப்படித்தான் செய்தனவாமே. எடுக்கலாமா?

ஒரு வாசகர், கொழும்பு 6

அன்புள்ள வாசகருக்கு,

வேண்டாம். 1990இல் வந்த சமூகப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்குள்ள கவுன்சில்கள் பராமரிப்பைப் பெருமளவில் தனியாரிடம் வாங்கத் தொடங்கின. நிமிடக் கணக்கில் விலை பேசியதில் வருகை சுருங்கிக்கொண்டே போனது. வருகை பொதுவாக அரை மணிக்குக் குறையக் கூடாது என்று சுகாதார, பராமரிப்புத் தரங்களை வகுக்கும் நைஸ் (NICE) நிறுவனம் 2015இல் வழிகாட்டல் வெளியிட வேண்டி வந்தது.

லிஃப்டுக்கு நின்று, பெரியவர் முழங்கால் வலியோடு வந்து கதவைத் திறப்பதற்குள் 5 நிமிடம் போய்விடும். மிச்சத்தில் குளிசை, உடுப்பு மாற்றல், இடியப்பம். அவர் பாதியில் கை கழுவினாலும் பதிவுக் கொப்பியில் 'சாப்பிட்டார்' என்றுதான் இருக்கும். அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டுமே.

மலிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 15 நிமிடம் இருக்கட்டும், அரை மணிப்படி 8 வீடு என்றாலே 4 மணி நேரத்துக்குத்தான் சம்பளம். இடையில் 7 பயணம், ஒவ்வொன்றும் 20 நிமிடம்: 2 மணி 20 நிமிடம் கொழும்பின் காலி வீதியில் (Galle Road) கூலியில்லாமல் கழிகிறது. இப்படி வேலை செய்பவர் நிலைக்கமாட்டார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் மறதி நோயுள்ளவர் கதவே திறக்கமாட்டார்.

வீடுகளைத் தெருவாரியாகக் கொத்தாக்கிக் கொடுங்கள். ராமகிருஷ்ண வீதிப் பக்கம் ஒருவர், ஹம்ப்டன் லேன் பக்கம் இன்னொருவர். உண்மையான மலிவு இதில்தான் இருக்கிறது. பயண நேரத்துக்கான கூலியும், ஏஜென்சி கட்டும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் விலைக்குள் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அந்த மனுவை ஒதுக்கிவிடலாம்.

விலையை நிமிடத்துக்குப் பேசாமல், ஒருவருக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அதற்கு முன் ஓய்வுபெற்ற தாதி ஒருவரை அனுப்பி, குளிப்பது, நடப்பது, சமைப்பதில் பெரியவர் தானே செய்யக்கூடியது எது என்று எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தவுடனும் அதைத் திருத்த வேண்டும். ஒரு வீட்டுக்கு மூன்று பேருக்கு மேல் மாறி மாறி வரக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் முதல் இரண்டு வாரத்துக்குப் பாதிக் கட்டணமாவது கொடுங்கள். இல்லாவிட்டால் பழகிய ஆளை ஏஜென்சி வேறு வீட்டுக்கு மாற்றிவிடும்.

மாத பில்லைப் பெரியவரோ பக்கத்து வீட்டாரோ பார்த்து ஒப்பமிடட்டும். லண்டனில் இருக்கும் மகனுக்குக் காசு போனது தெரியும், ஆள் வந்தது தெரியாது.