எரிமலைப் பாதைகள்: செட்டிநாட்டிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் காலை நடை போகிறவர்களில் பலருக்கு இப்போது மலையேற்ற ஆசை வந்திருக்கிறது. இந்தோனேசிய எரிமலைகளுக்கு அடிக்கடி போய் வருகிறவன் என்பதால், கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைப் பார்த்தால் பாதிப் பேர் உயரத்தை வைத்தே கஷ்டத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அது சரிவராது. காலுக்குக் கீழே என்ன மண், மலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் உயரம்.

நம்ம பிரான்மலை எரிமலைதான் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? பயிற்சிக்கு அங்கே போகலாமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

எரிமலை இல்லை, தம்பி. நம் பக்கத்து மலைகள் பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனதால் இன்று வெளியே தெரிகிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். அதையும் கப்பலிலிருந்து பார்க்கலாமே தவிர இறங்கி நடக்க விடமாட்டார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் நடக்க வேண்டுமென்றால் மகாராஷ்டிராவுக்குப் போங்கள். அங்கே கள்சுபாய் 1,646 மீட்டர், செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணி போட்டிருக்கிறார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு அது.

பயிற்சிக்குப் பிரான்மலை அருமையான இடம். கொடுங்குன்றநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு விடியும் முன்பே ஏறத் தொடங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும்.

வயது 64, இரண்டு முட்டியிலும் வலி. மகன் ஜாவாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். நான் விடுதியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? (பள்ளத்தூர்)

வேண்டவே வேண்டாம் ஆச்சி. நீங்கள் பார்க்க வேண்டியது புரோமோ. 2,329 மீட்டர் என்றதும் பயந்துவிடாதீர்கள், அதில் பெரும்பகுதியை வண்டியே ஏறிவிடும். பெனஞ்சாக்கான் முகட்டில் ஜீப்பில் போய் சூரிய உதயம் பார்க்கலாம். பிறகு கீழே இறங்கினால் ஒரு பெரிய பழைய எரிமலை வாய், அதன் தரை முழுக்கக் கருமணல். மணலைக் கடக்கக் குதிரை கிடைக்கும். கடைசியில் சுமார் 250 படி. கைப்பிடி இருக்கிறது, நின்று நின்று ஏறுங்கள். மேலே போனதும் வாய்க்குள்ளிருந்து புகை வருவதை நேரில் பார்க்கலாம், உறுமலும் கேட்கும்.

அடிவாரத்தில் தெங்கர் மக்களின் இந்துக் கோயில் ஒன்று இருக்கிறது. கசடா என்ற திருவிழாவில் காய்கறி, கோழி, பணம் என்று காணிக்கைகளை எரிமலை வாய்க்குள்ளேயே போடுவார்கள். அந்தச் சமயம் போனால் கூட்டம் நெரியும், ஆனால் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கம்பளிச் சட்டையும் காதுக்குத் துணியும் கட்டாயம். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை பல்லெல்லாம் தந்தியடிக்கும். முட்டி உறை போட்டுக்கொள்ளுங்கள், மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வருஷா வருஷம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகிறேன். அந்த நடை தெம்பு ரிஞ்சானிக்குப் போதுமா? (கானாடுகாத்தான்)

பாதிக்குப் போதும். நாள் கணக்கில் நடந்து, கிடைத்த இடத்தில் படுத்து, மறுநாள் வலியோடு எழுந்து நடக்கிற மனசு உங்களிடம் இருக்கிறது. ரிஞ்சானியில் அதுதான் பலருக்கு முதலில் தீர்ந்து போகும். ஆனால் பழனிச் சாலை சமதரை. ரிஞ்சானி 3,726 மீட்டர், இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் இருக்கிறது. செம்பலுன் பக்கம் ஏறத் தொடங்கும் இடமே ஆயிரம் மீட்டர் சொச்சம். முதல் நாள் புல்வெளி தாண்டி 2,600 மீட்டர் உயரத்தில், எரிமலை வாயின் விளிம்பில் உள்ள முகாமுக்கு ஏற வேண்டும். அன்று வெயில்தான் எதிரி.

சோதனை அன்றிரவுதான். இரண்டு மணி வாக்கில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பி, விடிவதற்குள் இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கடைசிப் பகுதி முழுக்கச் சாம்பலும் பொடிக்கல்லும். அவிழ்த்துக் கொட்டிய நெல் குவியல் மேல் ஏறுவது மாதிரி, இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். அதற்கு மேல் குளிர், காற்று, மெலிந்த மூச்சு. நல்ல ஓட்டக்காரர்களே அங்கே உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். அதே சரிவில் உள்ளூர்ச் சுமைகாரர்கள் ரப்பர் செருப்போடு, மூங்கில் கழியின் இரு முனையிலும் கூடை கட்டிக்கொண்டு கடந்து போவார்கள். நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

உச்சி போகாமல் விளிம்பு முகாமோடு திரும்பினாலும் ஒரு குறையும் இல்லை. செகாரா அனாக் ஏரியும் அதன் நடுவே முளைத்திருக்கும் சின்ன எரிமலைக் கூம்பும் அங்கிருந்தே தெரியும். என்னைக் கேட்டால் உச்சியைவிட அந்தக் காட்சிதான் அழகு.

பயிற்சிக்கு மூன்று விஷயம். பிரான்மலையில் ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள், தொடையை உடைப்பது இறக்கம்தான். திருச்செந்தூர் பக்கம் போனால் தேரி மணல் மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். வெள்ளியங்கிரி திறந்திருக்கும் மாதங்களில் ஒரு முறை இரவில் ஏறுங்கள், இருட்டும் குளிரும் பழகும். அப்புறம், யாத்திரையில் வெறுங்காலோடு நடக்கிறவர் நீங்கள். இங்கே அது நடக்காது, கல் கிழித்துவிடும். கணுக்காலை மூடும் ஷூவை இப்போதே வாங்கி, இரண்டு மாதம் போட்டுப் பழக்குங்கள்.

ஈஜென் மலையில் நீல நெருப்பு ஓடுமாமே? எட்டு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா? அவனுக்கு லேசாக ஆஸ்துமா உண்டு. (தேவகோட்டை)

பையனை வேண்டாம். கிழக்கு ஜாவாவில் உள்ள இந்த எரிமலையில் பாதை கஷ்டம் என்பதற்காக இல்லை. அடிவாரத்திலிருந்து விளிம்பு வரை மூன்று கிலோமீட்டர், அகலமான மண்பாதை, இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆபத்து காற்றில் இருக்கிறது. கந்தக வாயு தீப்பிடித்து எரிவதைத்தான் நீல நெருப்பு என்கிறோம். இருட்டில் மட்டும் தெரியும் என்பதால் நள்ளிரவுக்கு மேல் ஏறி, விளிம்பிலிருந்து உள்ளே இறங்க வேண்டும். காற்று திசை மாறினால் ஒரே நிமிடத்தில் புகை சூழ்ந்துவிடும். வாயு முகமூடி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் பெரியவர் முகத்துக்குச் செய்தது குழந்தைக்குச் சரியாகப் பொருந்தாது. ஆஸ்துமாக்காரர்கள் எந்த வயதானாலும் உள்ளே இறங்கக் கூடாது என்பேன். ஏறுவதற்கு முன் உடல்நலச் சான்றும் கேட்கிறார்கள்.

அந்த வாய்க்குள்ளிருந்து 70, 80 கிலோ கந்தகத்தைத் தோளில் சுமந்து ஏறி வருகிற தொழிலாளிகளுக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள்.

திடீரென்று வெடித்தால்? வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். (காரைக்குடி)

வீட்டில் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலை வைத்திருக்கிறது. 1 சாதாரணம், 4 உச்ச எச்சரிக்கை. மாக்மா இந்தோனேசியா என்ற அரசுத் தளத்தில் அன்றன்றைக்குப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மேற்குச் சுமத்ராவின் மராப்பி வெடித்து 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். அது அப்போது 2-ஆம் நிலையில் இருந்தது, வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. அதையும் மீறி மேலே ஆட்கள் இருந்தார்கள். ஆக, 'திறந்திருக்கிறது' என்று வழிகாட்டி சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், வாயைச் சுற்றிப் போகக் கூடாத விலக்கு வட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களே பாருங்கள். ஜாவாவின் மிக உயரமான செமேரு (3,676 மீட்டர்) 2021 டிசம்பரில் 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. யாராவது அதன் உச்சிக்கு ரகசியமாகக் கூட்டிப் போகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நிலை 1 என்றாலும் முழு உத்தரவாதம் கிடையாது. 2014 செப்டம்பரில் ஜப்பானின் ஒன்டாக்கே மிகக் கீழ் நிலையில் இருந்தபோதே நீராவி வெடிப்பில் 63 பேரைப் பலிகொண்டது. வாயருகே அதிக நேரம் உட்கார்ந்து அரட்டை அடிக்காதீர்கள். பார்த்தோம், படம் எடுத்தோம், இறங்கினோம் என்று இருக்க வேண்டும்.

எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். போப்பா மலை பற்றி நிறையச் சொல்வார். அதுவும் எரிமலைதானே? (கோனாபட்டு)

ஆமாம், அணைந்துபோன எரிமலை, 1,518 மீட்டர். படங்களில் பாறை உச்சியில் பொன்நிறமாகத் தெரிகிற இடம் தௌங் கலாட், எரிமலைக் குழாயில் இறுகி நின்ற பாறை. 777 படி, செருப்பைக் கீழேயே விட வேண்டும், குரங்குகள் பையைப் பிடுங்கும். கஷ்டம் என்று பார்த்தால் சுலபமான ஏற்றம்தான். ஆனால் 2021-க்குப் பிறகு அங்கே நடக்கிற சண்டையில் இப்போது போகச் சொல்லமாட்டேன். ஐயா பார்த்த ஊரைப் பார்க்கிற ஆசை புரிகிறது. நிலைமை சரியாகட்டும்.

மேடானில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் போய் வருகிற மாதிரி ஏதாவது? (புதுவயல்)

சிபாயாக். சுமத்ராவில் மேடானுக்குப் பக்கத்து எரிமலை. 2,200 மீட்டர் சொச்சம், பெராஸ்தாகி என்ற மலையூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறலாம், கீழே வெந்நீர் ஊற்றில் காலை நனைக்கலாம். மூடுபனியில் வழி தவறியவர்கள் உண்டு, தனியாகப் போகாதீர்கள். எதிரே தெரியும் சினாபுங் சுமார் 400 ஆண்டு தூங்கி 2010-இல் எழுந்தது. அதைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? (கண்டனூர்)

சோறு, தெம்பே (புளிக்க வைத்த சோயா கட்டி), தவ்வு (சோயா பனீர்) தாராளமாகக் கிடைக்கும். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் மட்டும் இறால் விழுது இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். மலைக்கு நம் மாவுருண்டையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தேன்குழல் பையில் நொறுங்கிப் போகும்.

எந்த மாதம், எப்படிப் போவது? (திருப்பத்தூர்)

ஜாவா, லொம்பொக் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. ரிஞ்சானி ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைக்காக மூடியிருக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், அங்கிருந்து சுராபாயாவுக்கோ லொம்பொக்குக்கோ மாறலாம். இந்தியர்களுக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா தருகிறார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள், பல காப்பீடுகள் 3,000 மீட்டரோடு நின்றுவிடும்.