பாதுகாப்பை அப்புறம் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் பகுதி சிறு தேயிலை விவசாயிகள் தினமும் போடும் கொழுந்தின் எடையையும் மாதக் கணக்கையும் போனிலேயே பார்க்க ஓர் இணையதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி ப்ராஜெக்ட்தான், ஆனால் ஊரிலும் பயன்பட வேண்டும் என்று ஆசை. பாதுகாப்பாக எழுத எப்படிக் கற்றுக்கொள்வது? 'முதலில் ஓடட்டும், பாதுகாப்பை அப்புறம் சேர்த்துக்கலாம்' என்கிறார்கள் தோழிகள்.
- கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் தோழிகள் பேச்சைக் கேட்காதீர்கள். குன்னூரில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைப் படித்துச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்புறம் சேர்த்த பாதுகாப்பு, ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுவிட்டுத்தான் வரும்.

உங்கள் தளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு விவசாயி லாகின் செய்து தன் கணக்கைத் திறக்கிறார். முகவரியின் கடைசியில் 112 என்று அவருடைய எண். அதை 113 என்று மாற்றித் தட்டினால், பக்கத்துத் தோட்டக்காரரின் கொழுந்து எடை, அவர் வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் திரையில் வருகிறதா? அப்படி வந்தால், லாகின் சரியாக வேலை செய்தும் பயனில்லை. 'இந்தக் கணக்கு இவருடையதுதானா' என்று சர்வர் கேட்கவே இல்லை. சின்ன ஊரில் ஒருவருடைய கடன் அடுத்த வீட்டுக்குத் தெரிவது சாதாரண விஷயமா? லிங்க்கை மறைத்து வைப்பதால் எதுவும் மாறாது. ஒவ்வொரு முறையும் சர்வர் பக்கத்தில் கேட்டாக வேண்டும். இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு 2021-ல் வெளியிட்ட பத்து முக்கிய ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் இந்த வகைத் தவறுக்குத்தான்.

அடுத்து, பெயர் தேடும் பெட்டி. அதில் டி'சூசா என்று, நடுவில் அந்த ஒற்றை மேற்கோள் குறியோடு ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். வெலிங்டன் பக்கம் காதில் விழக்கூடிய பெயர்தான். எரர் வந்தால், அந்தக் குறி, டேட்டாபேஸிடம் தகவல் கேட்க நீங்கள் எழுதிய எஸ்.க்யூ.எல். (SQL) வாக்கியத்துக்குள் புகுந்து அதை உடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பெயர் உடைத்த அதே இடத்தில் விவரம் தெரிந்தவர் ஒரு கட்டளையையே நுழைத்து எல்லோர் கணக்கையும் அள்ளிவிடலாம். குறிகளைத் தேடித்தேடி நீக்க வேண்டாம், அது அந்தப் பெயர்க்காரருக்குச் செய்யும் அநியாயமும்கூட. பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் (prepared statement) பயன்படுத்துங்கள். வாக்கியம் தனியாகவும் பயனர் அடித்தது தனியாகவும் போகும். அவர் அடித்தது கட்டளையாக மாறாது.

பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காதீர்கள். திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்க ஆர்கான்2 (Argon2) அல்லது பிகிரிப்ட் (bcrypt) முறையைப் பயன்படுத்துங்கள். எளிதில் உடைபடும் பழைய எம்.டி.5 (MD5) வேண்டாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை, புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் (GitHub) ஏற்றிவிடாதீர்கள். அப்புறம் அழித்தாலும் பழைய பதிவுகளில் கிடக்கும்.

பழகுவதற்கு போர்ட்ஸ்விகர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமி இருக்கிறது, இலவசம். ஓவாஸ்ப்பின் ஜூஸ் ஷாப், வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதிய ஒரு கடை. உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டி, உடைத்துப் பழகலாம். அடுத்தவர் தளத்தில் மட்டும் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். அதைத் தண்டிக்க 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது.

ஊருக்குக் கொடுக்கும் முன் இரண்டு சோதனைக் கணக்குகள் தொடங்குங்கள். ஒன்றில் நுழைந்து, மற்றதன் எண்ணை எல்லாப் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். மாத பில்லை பி.டி.எஃப். ஆக இறக்கும் பக்கத்தை மறக்க வேண்டாம். நான் பார்த்தவரை, பெரும்பாலும் விட்டுப்போவது அங்கேதான்.