பிராந்திய ராணுவத்தில் சேரலாம், நகைக்கடனை முதலில் இறக்குங்கள்

கேள்வி: எனக்கு 33 வயது. ஓசூர் சிப்காட்டில் தனியார் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினீயர். கைக்கு வருவது மாதம் 64,000 ரூபாய். சின்ன வயதிலிருந்தே ராணுவ ஆசை, வீட்டு நிலைமையால் முடியவில்லை. இப்போது, வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் பணியாற்றும் பிராந்திய ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி) அதிகாரிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, முதல் நேர்காணலும் முடித்து, எஸ்.எஸ்.பி. என்ற ராணுவத் தேர்வு வாரியத்தின் அழைப்புக்குக் காத்திருக்கிறேன். பயிற்சிக்குப் போகும் மாதங்களில் கம்பெனி சம்பளம் தராது. காவேரிப்பட்டணத்தில் கட்டிய வீட்டுக்குத் தவணை 17,500, ஓசூரில் வாடகை 13,000, வீட்டுச் செலவு 16,000, பிள்ளையின் பள்ளிச் செலவு 5,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 5,000. இதுவரை ஃபண்டில் சேர்ந்திருப்பது 1.6 லட்சம். மனைவியின் 22 பவுன் அடகில் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் மாந்தோப்பு குத்தகை எடுக்க முதல் வருடம் 3.5 லட்சம், அடுத்த இரண்டு வருடமும் 2 லட்சம் வீதம் எடுத்துக் கொடுத்தேன். வட்டி 11 சதவீதம். ஒவ்வொரு மாசியிலும் மாற்றி வைக்கிறேன், போன மாசியில் கடன் 9.5 லட்சமானது. இந்தத் தையிலும் மாமா 3 லட்சம் கேட்கிறார். ‘நீ ராணுவ ஆபீசர் ஆகிவிட்டால் குறைந்த வட்டிக்கு லோன் கிடைக்கும், அதில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்’ என்கிறார். படையில் இருப்பவர்களுக்கு ஏற்றது என்று ஓர் ஏஜெண்ட் உத்தரவாத வருமானத் திட்டம் ஒன்றும் சொல்கிறார், வருடம் 60,000 கட்ட வேண்டும். சேரலாமா, வேண்டாமா? பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: சேருங்கள். 33 வயதில் இரண்டு கட்டம் தாண்டி எஸ்.எஸ்.பி. வாசலில் நிற்பது சாதாரணமில்லை. 42 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்றாலும், உடம்பும் குடும்பமும் அதுவரை இதேபோல் ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது. 1949 அக்டோபர் 9-ல் இந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. உங்கள் ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்தவர். அந்த மண்ணிலிருந்து ஒருவர் அதிகாரியாகப் போவதைப் பார்க்க எனக்கும் ஆசை.

உங்கள் பயம் சம்பளத்தைப் பற்றியது. அதை முதலில் முடித்துவிடுவோம். பிராந்திய ராணுவத்தில் பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்படும் நாட்களுக்கு மட்டும்தான் சம்பளம். லெப்டினன்ட் அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணி ஊதியம் 15,500, சேர்த்து 71,600. அகவிலைப்படி தனி. முதல் வருடம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருடா வருடம் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு வருடத்துக்குள் மூன்று மாத அதிகாரிப் பயிற்சி. ஆக இரண்டு வருடத்தில் சுமார் எட்டு மாதம் கம்பெனிக்கு வெளியே இருப்பீர்கள். இழப்பது எட்டு 64,000, ஏறக்குறைய 5.1 லட்சம். வருவது எட்டு 71,600, அகவிலைப்படி சேர்க்காமலே 5.7 லட்சம். பிடித்தங்கள் போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆபத்து தேதியில் இருக்கிறது. புதிதாகச் சேரும் இடத்தில் காகிதங்கள் நகர்ந்து முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் இரண்டு தவணை தாண்டிவிடலாம். அதற்கு ஒரு கையிருப்பு போதும். பின்னால் சொல்கிறேன்.

உங்களைக் கவிழ்க்கப்போவது அந்த நகைக்கடன்தான். நீங்கள் எழுதிய செலவுகளை அப்படியே கூட்டினேன், 56,500 வருகிறது. 64,000-ல் மிச்சம் 7,500. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் நகைக்கடன் வட்டி எங்கே? 9.5 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் சொச்சம், மாதம் 8,700. அதையும் எழுதினால் நீங்கள் மாதா மாதம் 1,200 ரூபாய் பள்ளத்தில் இருக்கிறீர்கள். வட்டியை நீங்கள் சம்பளத்திலிருந்து ஒருமுறைகூடக் கட்டியதில்லை, அதனால் அது செலவாகவே உங்கள் கண்ணில் படவில்லை.

மாமாவுக்குக் கொடுத்தது மொத்தம் 7.5 லட்சம். கடன் 9.5 லட்சம். நடுவில் இருக்கும் 2 லட்சம் யாருக்கும் உதவாத பணம், வட்டிக்கு வட்டியாக ஏறியது. தங்கம் விலை ஏறிக்கொண்டே போனதால் ஒவ்வொரு மாசியிலும் அதே நகைக்குக் கூடுதல் தொகை கிடைத்தது. பழைய வட்டியை அதில் கழித்துக்கொண்டு, மாமாவுக்கும் கொடுத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். நல்ல சம்பளக்காரர்கள்கூட ‘நகைதானே, பேங்கில் பத்திரமாக இருக்கிறது’ என்று எழுதுகிறார்கள்.

இனி இப்படி மாற்றி வைக்கவும் முடியாது. ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, கடைசியில் மொத்தமாக அடைக்கும் வகைக் கடனைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். எல்லோரும் இந்த விதிக்கு வருவதற்கான கெடு 2026 ஏப்ரல் 1. ‘காலையில் கைமாற்று வாங்கி வட்டியைக் கட்டு, மதியம் கூடுதலாக எடுத்துத் திருப்பிக் கொடு’ என்று யாராவது வழி சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது இதை ராணுவத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அடகுச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வட்டியை யார் வேண்டுமானாலும் போய்க் கட்டலாம். கடனைப் புதுப்பிக்க, நகையை எடை போட்டு மறுபடி உள்ளே வைக்க, அந்த கவுண்ட்டரில் நீங்கள் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மாசி மாதம் நீங்கள் முகாமில் இருந்தால்? உங்கள் மனைவி கைக்குழந்தையைப் போலச் சீட்டைத் தூக்கிக்கொண்டு பேங்க்குக்கும் வீட்டுக்கும் அலைவார். கெடு தாண்டினால் நோட்டீஸ், அதற்கப்புறம் ஏலம். முகாம்கூடப் பரவாயில்லை, தேதி முன்பே தெரியும். பணிக்கு அழைத்தால் எத்தனை மாதம் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. 2025 மே மாதம் மத்திய அரசு, இருக்கிற 32 பிராந்திய ராணுவக் காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ அழைத்துப் பணியில் அமர்த்த ஒப்புதல் கொடுத்தது நினைவிருக்கும். இந்தப் படை இருப்பதே அதற்குத்தான். மனம் வீட்டு அடகுச் சீட்டில் இருந்தால் அங்கே போய் என்ன வேலை செய்வீர்கள்?

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். அவர் உங்கள் தோளில் இன்னும் ஏறாத அதிகாரி நட்சத்திரத்தை அடகு வைக்கப் பார்க்கிறார். வருடத்தில் இரண்டு மாதம் வரும் சம்பளத்தைக் காட்டி எந்த வங்கியும் பத்து லட்சம் தராது. கம்பெனி சம்பளத்தைப் பார்த்துத்தான் தரும், அதில் ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடுகிறது. பென்ஷன் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். அதிகாரிகளுக்கு 20 வருடம் உண்மையாகப் பணியில் இருந்திருக்க வேண்டும். வருடம் இரண்டு மாதம் என்று போனால் 20 வருடத்தில் உங்கள் கணக்கில் 40 மாதம்தான் சேரும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வேறு தொழிலோ வேலையோ இருப்பவர்களுக்கான படை இது.

மாந்தோப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் குத்தகை எடுக்கிறவர்களுக்குத் தெரியும், பூவைப் பார்த்துத் தையில் பணத்தைக் கட்டுகிறோம், ஆனியில் மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் சொல்வதுதான் விலை. 2025-ல் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்தபோது பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. லாபம் வந்தால் மாமாவுக்கு, நஷ்டம் வந்தால் உங்கள் மனைவியின் கழுத்து நகைக்கு என்ற ஏற்பாட்டில் நீங்கள் மூன்று வருடம் இருந்துவிட்டீர்கள். இந்த 3 லட்சத்துக்கு முடியாது என்று சொல்லுங்கள். அக்காவை வைத்துக்கொண்டே சொல்லுங்கள், மாமாவிடம் தனியாகச் சொன்னால் அது வேறு மாதிரி அக்கா காதுக்குப் போகும். கூடவே, இதுவரை கொடுத்த 7.5 லட்சத்துக்கு ஒரு கடன் பத்திரம் எழுதி, ஆடிக்கு ஆடி எவ்வளவு என்று அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

கடனை இறக்க மாதத் தவணை மட்டும் போதாது. எஸ்.ஐ.பி.யை நிறுத்தி அந்த 5,000-ஐயும் சேர்த்தால் மாதம் 12,500. வட்டி 8,700 போக அசலுக்கு 3,800. இந்த வேகத்தில் போனால் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன்: 22 பவுனில் 8 பவுனை விற்றுவிடுங்கள். 64 கிராம். கிராம் 10,000 என்று குறைத்தே வைத்துக் கழிவு போக 6 லட்சம் வரும். கடன் 3.5 லட்சத்துக்கு இறங்கும், வட்டி மாதம் 3,200 ஆகும். அதே 12,500-ஐக் கட்டினால் மூன்று வருடத்துக்குள் மிச்ச 14 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். எல்லாமே ஒரே சீட்டில் இருந்தால் பகுதி மீட்பு உண்டா என்று கேளுங்கள். மிச்சத்தை வைக்கும்போது இரண்டு சீட்டாகப் பிரித்து, மாதாமாதம் வட்டியும் அசலும் கட்டும் வகையில், முடிந்தால் மனைவி பெயரில் வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அவரே போய் முடித்துக்கொள்ளலாம். எந்த நகையை விற்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ உங்கள் அம்மாவோ இல்லை. மாமா திருப்பித் தரும் ஒவ்வொரு ரூபாயும் அவர் பெயரில் தங்கமாகத் திரும்பட்டும்.

ஃபண்டில் இருக்கும் 1.6 லட்சத்தை எடுத்து அதே வங்கியில் டெபாசிட்டாகப் போடுங்கள். உங்கள் வீட்டுக்கு மாதம் 60,000-க்குள் என்றால் இரண்டரை மாதம் தாங்கும். முன்னால் சொன்ன கையிருப்பு இதுதான், சந்தை ஏறுகிறதே என்று அதைத் தொடக் கூடாது. ஏஜெண்ட் சொல்லும் உத்தரவாத வருமானத் திட்டத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வெளியில் 11 சதவீதம் கொடுத்துக்கொண்டு உள்ளே 5, 6 சதவீதம் வாங்க வருடம் 60,000 கட்டுவதா? சீருடைக்காரர்களுக்கென்று யாராவது தனியாகத் திட்டம் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது சாதாரண டேர்ம் இன்ஷூரன்ஸ். பிராந்திய ராணுவத்துக்கு விண்ணப்பித்திருப்பதை மறைக்காமல் எழுதி வாங்குங்கள். மறைத்தால் கிளைம் வரும்போது உங்கள் குடும்பம்தான் சண்டை போட வேண்டும்.

கடைசியாகக் கம்பெனி. படைப்பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பியவரை, முன்பைவிடக் குறைவில்லாத நிபந்தனையில் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுப் பிராந்திய ராணுவச் சட்டம் சொல்கிறது. எடுக்க மறுத்தால் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல வழியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது பணிக்கு அழைக்கப்படுவதை. வருடாந்திர முகாமுக்கு உங்கள் ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இரண்டு மாத விடுப்பு, அந்த மாதங்களுக்கு பி.எஃப்., குழுக் காப்பீடு தொடருமா, போனஸிலும் இன்கிரிமென்ட்டிலும் கை வைப்பார்களா. ‘பார்த்துக்கலாம் சார்’ என்று வாயால் சொல்வதை நம்பி எஸ்.எஸ்.பி.க்குக் கிளம்பாதீர்கள். மாசிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வங்கி வேலை நாளா என்று பார்த்து விடுப்பு போட்டு, மனைவியோடு போய் நகைக்கடனை முடித்துவிடுங்கள்.