ரூலெட் பந்து எங்கே விழும் என்று சொல்லும் கருவி: வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். என் அறை நண்பர் டெலிகிராமில் ஒரு கருவியைப் பார்த்திருக்கிறார். பழைய கைப்பேசி மாதிரி இருக்கிறது. ரூலெட் மேசைக்குப் பக்கத்தில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றால் போதுமாம், பந்து விழப்போகும் ஐந்து எண்களைக் காதில் சொல்லிவிடுமாம். விலை 1,500 வெள்ளி. நண்பர் 200 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டார், மீதியில் பாதியை என்னைப் போடச் சொல்கிறார். இப்படி ஒரு கருவி உண்மையிலேயே வேலை செய்யுமா?

பதில்: பணம் போடாதீர்கள். ரூலெட்டைக் கணித்த கருவிகள் உண்மையிலேயே இருந்திருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி இந்தக் கருவி அந்த வேலையைச் செய்ய வழியே இல்லை. ஏன் என்று புரிந்துவிட்டால் நாளைக்கு வேறொருவர் வேறொரு கருவியோடு வந்தாலும் நீங்களே எடை போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரூலெட்டில், ஆட்டத்தை நடத்தும் டீலர் எண் குழிகள் உள்ள சக்கரத்தை ஒரு பக்கமும் பந்தை எதிர்ப்பக்கமும் சுழற்றிவிடுகிறார். பந்து கிளம்பிய பிறகும் சில நொடிகள் பந்தயம் வைக்கலாம். இருக்கும் ஓட்டை இந்தச் சில நொடிகள்தான். பந்து விளிம்பில் ஓடி, வேகம் குறைந்து, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வந்ததும் சரிவில் இறங்குகிறது. பந்தின் வேகமும் சக்கரத்தின் வேகமும் சரியாகத் தெரிந்தால், அது எந்த நேரத்தில் இறங்கும், அப்போது அதற்குக் கீழே சக்கரத்தின் எந்தப் பகுதி இருக்கும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். ஓரளவுதான். வழியில் இருக்கும் உலோகத் தடுப்புகளில் பந்து மோதும், எண் குழிகளின் விளிம்பில் துள்ளும். அதனால் ஒற்றை எண்ணைச் சொல்ல முடியாது, பகுதியைச் சொல்லலாம்.

இதை முதலில் செய்துகாட்டியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர். இன்னொருவர் கிளாட் ஷானன், இன்றைய கணினிக்கும் தொலைத்தொடர்புக்கும் அடிப்படையான தகவல் கோட்பாட்டை உருவாக்கியவர். 1960-61இல் ஷானன் வீட்டின் நிலவறையில் ஒரு நிஜ ரூலெட் சக்கரத்தை வாங்கி வைத்து மாதக்கணக்கில் அளந்தார்கள். கடைசியில் செய்து முடித்தது சிகரெட் பெட்டி அளவு கணினி, உள்ளே 12 டிரான்சிஸ்டர்கள். ஷூவுக்குள் கால் பெருவிரலால் அழுத்தும் சுவிட்ச். ஒருவர் மேசையருகே நின்று, சக்கரமும் பந்தும் ஒரு குறியைத் தாண்டும்போதெல்லாம் விரலால் அழுத்துவார். கணினி நேரத்தைக் கணக்கிட்டு, பந்தயம் வைக்கும் மற்றவரின் காதுக்கு ஒரு சுரத்தை அனுப்பும். சக்கரத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சுரம். பந்தயத் தொகையில் 44 சதவீதம் லாபம் வரலாம் என்பது அவர்கள் கணக்கு. 1961 கோடையில் லாஸ் வேகஸில் இறங்கிப் பார்த்தார்கள். கணிப்பு வேலை செய்தது, ஆனால் காதுக்குப் போன மயிரிழை போன்ற கம்பி திரும்பத் திரும்ப அறுந்தது. பெரிய பந்தயத்துக்கு அவர்கள் போகவே இல்லை.

இந்தக் கதையில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தக் கால்விரலை. கருவிக்குப் பந்தின் வேகம் எப்படித் தெரிந்தது? ஒரு மனிதர் பார்த்து, அழுத்திச் சொன்னார். உங்கள் நண்பர் வாங்கப்போவது சட்டைப்பையில் கிடக்கிறது. அதற்குக் கண் கிடையாது, யாரும் எதையும் அழுத்துவதும் இல்லை. பந்தைப் பற்றி ஒரு துளித் தகவலும் உள்ளே போகாத பெட்டிக்குள்ளிருந்து கணிப்பு எப்படி வெளியே வரும்? விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "இதற்குத் தகவல் எங்கிருந்து வருகிறது?"

2004 மார்ச்சில் லண்டன் ரிட்ஸ் ஹோட்டல் கேசினோவில் நடந்ததை விற்பவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். மூன்று பேர் இரண்டு இரவில் 13 லட்சம் பவுண்டு அளவுக்கு ஜெயித்தார்கள். கைப்பேசிக்குள் லேசர் வைத்துப் பந்தின் வேகத்தை அளந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. போலீஸ் கைது செய்து, மாதக்கணக்கில் விசாரித்து, வழக்கில்லாமல் விட்டுவிட்டது. பணமும் அவர்களுக்கே போனது. நடந்த விஷயம்தான். ஆனால் அங்கேயும் பத்திரிகைகள் சொன்னது பந்தை அளக்கும் கருவியைப் பற்றித்தான். 2012இல் மைக்கேல் ஸ்மால், சி கே சே என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையிலும் இதே கதைதான்: பந்தையும் சக்கரத்தையும் நேரம் பார்த்து அளந்தால் சராசரியாக 18 சதவீதம் லாபத்துக்கு இடம் உண்டு. அளக்காவிட்டால், ஒரு பூஜ்யத்தோடு 37 எண்கள் உள்ள சக்கரத்தில் 2.7 சதவீதம் நஷ்டம். கேசினோக்காரர்களுக்கும் இதெல்லாம் அத்துப்படி. அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "இனிப் பந்தயம் இல்லை" என்று டீலரைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்ல வைப்பது. பந்து கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் தோர்ப்பின் கணினிக்கும் வேலை இல்லை.

வேறு ஆட்டங்களுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் தகவல் கண்முன்னே இருக்கிறது. வெளியே வந்த சீட்டு மறுபடி கலைக்கும்வரை கட்டுக்குள் திரும்பாது என்பதால், எண்ணிக்கை வைத்திருப்பவருக்கு லேசான அனுகூலம் உண்டு. 2009இல் ஐபோனில் சீட்டு எண்ணும் செயலி வந்தபோது, அமெரிக்காவின் நெவாடா மாநில அதிகாரிகள் எல்லா கேசினோக்களையும் எச்சரித்தார்கள். மனதுக்குள் எண்ணுவது அங்கே குற்றமில்லை, கருவியால் எண்ணுவது குற்றம். 1985லிருந்து அங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது.

ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரத்தில் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை. உள்ளே ஒரு சில்லு விடாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் பொத்தானை அழுத்தும் நொடியில் வந்த எண்தான் முடிவு. ஒரு ரஷ்யக் கும்பல் சில பழைய மாடல்களில் அந்த எண் வரிசையின் சூத்திரத்தையே பிரித்தெடுத்தது. மெஷின் சுற்றுவதைக் கைப்பேசியில் படமெடுத்து ரஷ்யாவுக்கு அனுப்புவார்கள். அங்கே கணக்குப் போட்டு, அழுத்த வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் கைப்பேசியை அதிர வைப்பார்கள். 2014இல் அமெரிக்காவில் அவர்களின் ஆட்கள் சிலர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். இவ்வளவு உழைப்புக்குப் பின்னால் கிடைத்ததை அவர்கள் டெலிகிராமில் கூவி விற்கவில்லை.

விமானம் பறந்து வெடிக்கும் இணைய ஆட்டங்களுக்கு முடிவை முன்கூட்டியே சொல்லும் "பிரெடிக்டர்" என்று செயலி விற்பவர்கள் இன்னும் மோசம். முடிவு எங்கோ ஒரு சர்வரில் தீர்மானமாகிறது, உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலிக்கு அது தெரிய வழியே இல்லை. அந்தச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால், அது குறிவைப்பது உங்கள் வங்கி ஓடிபியை.

அப்புறம் சட்டம். சிங்கப்பூர் கேசினோக்களில் கருவியின் துணையோடு ஆடுவது ஏமாற்று வேலையாகவே பார்க்கப்படும், சிறைத் தண்டனை வரை போகும். உங்களைப் போல வேலை அனுமதியில் இருப்பவருக்கு அதோடு வேலையும் போய் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் மூன்று பேர் தப்பினார்கள் என்பதை நம்பி, ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் தீராத ஒருவர் இறங்கக் கூடாது. இதை நான் மனசார, அழுத்திச் சொல்கிறேன்.

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம், ஒரு சோதனை வையுங்கள். விற்பவர் அனுப்பும் வீடியோவை நம்ப வேண்டாம். 37 எண்களில் ஐந்தைச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏழு அல்லது எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை பலிக்கும். முப்பது முறை படமெடுத்தால் நாலு பலிக்கும், அந்த நாலை மட்டும் உங்களுக்கு அனுப்புவார். அதற்குப் பதிலாக, நீங்களே யூடியூபில் ஒரு நிஜ சக்கரத்தின் 200 சுற்றுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் பந்து இறங்கும் முன்பே நிறுத்தி, விற்பவரிடம் ஐந்து எண்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே 27 பலிக்கும். போட்ட பணம் திரும்பக் கிடைக்கவே 28 வேண்டும். தோர்ப் கணக்குப் போட்ட 44 சதவீத லாபம் வர வேண்டுமானால் 40ஐத் தொட வேண்டும். இந்தச் சோதனைக்கு அவர் சம்மதிக்க மாட்டார். "கருவி நேரில்தான் வேலை செய்யும், முதலில் மீதிப் பணத்தை அனுப்புங்கள்" என்பார்.

கட்டிய 200 வெள்ளிக்கு இன்றே வங்கியை அழைத்துப் பரிமாற்றத்தை நிறுத்த முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள், நேரம் போகப் போக வாய்ப்பு குறையும். மோசடி பற்றிய சந்தேகங்களுக்கு 1799 என்ற எண் இருக்கிறது. விற்பவரின் டெலிகிராம் பெயர், பணம் அனுப்பிய கணக்கு எண், உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அவரைத் தடை செய்யுங்கள். நண்பர் ஏற்கெனவே நிறைய இழந்து, அதை மீட்கத்தான் இந்தக் கருவியைத் தேடினார் என்றால், 1800-6-668-668 என்ற எண்ணில் சூதாட்டப் பிரச்சினைக்கான ஆலோசனை கிடைக்கும். முதல் தடவை அழைக்கும்போது நீங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.